தோல் வார்: தமிழ்நாட்டில் ஒரு கைத்தொழிற் பொருளின் வரலாறு

தோல் வார் என்பது விலங்குத் தோலிலிருந்து நீளமாகவும் ஒடுக்கமாகவும் அறுத்தெடுக்கப்படும் பட்டை ஆகும். கட்டுவதற்கும், கோப்பதற்கும், இறுக்குவதற்கும் இது பயன்படுகிறது. செருப்பின் வார், பூட்ஸின் தோல் நாடா, மிருதங்கத்தின் இரு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் வார், பணப்பையின் விளிம்பில் கோக்கப்படும் மெல்லிய இழை ஆகிய அனைத்தும் இதன் வகைகளே. பார்வைக்கு எளிய பொருளாக இருந்தாலும், தோலின் தரம் முழுவதும் வாரில்தான் சோதிக்கப்படுகிறது. அகலமான தோலில் ஓரிடத்தில் உள்ள குறை மற்ற இடங்களின் வலுவால் மறைந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் அகல வாரில் அதே குறை இருந்தால் வார் அந்த இடத்தில் அறுந்துவிடும்.

எந்த வேலைக்கு எந்தத் தோலை எடுப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டில் பழமையானது. ஆவாரம்பட்டைப் பதனிடல், குரோம் பதனிடல் என்னும் இரு முறைகளும் இங்கு வளர்ந்த வரலாற்றில் இக்கேள்விக்கு முக்கியமான இடம் உண்டு. அதற்கு விடை தெரிந்து வைத்திருந்த தொழிலாளர்கள் நெடுங்காலம் சமூகத்தின் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

பெயர்கள்

வார் என்ற சொல் நீளுதல் என்னும் பொருள் தரும் வார்தல் என்ற வினையோடு தொடர்புடையது. செருப்பு வார், சாட்டை வார், கடிவாள வார் என்று பயன்பாட்டை ஒட்டி இச்சொல் விரிகிறது. இலங்கைத் தமிழில் இடுப்புப் பட்டியை இடைவார் என்று கூறும் வழக்கு உண்டு. தமிழ் விவிலியத்தில் யோவான் ஸ்நானகன் தன் தாழ்மையைச் சொல்லும் இடத்தில் பாதரட்சையின் வார் குறிப்பிடப்படுவதால், கிறித்தவ வாசகர்களுக்கும் இது பழக்கமான சொல்.

பழந்தமிழில் இதற்கு வேறு சொற்களும் இருந்தன. வள்பு என்பது தோல் வாரைக் குறிக்கும். விசித்தல் என்பது வாரால் இறுக்கிக் கட்டுவது. போழ் என்பது பிளந்து எடுத்த பட்டை. போழ்தல் என்றால் பிளத்தல் ஆகையால், பொருளைச் செய்யும் முறையே அதற்குப் பெயராகவும் ஆகிவிட்டது. செருப்புக்குத் தொடுதோல் என்ற பெயரும், தோல் வேலை செய்பவருக்குச் செம்மான் என்ற பெயரும் வழங்கின.

சங்க இலக்கியச் சான்றுகள்

புறநானூற்றின் 50ஆம் பாடல் முரசைப் பற்றிய புகழ்பெற்ற நிகழ்ச்சியை ஒட்டியது. நீராட்டுக்காக முரசு எடுத்துச் செல்லப்பட்டிருந்தபோது, அது வைக்கப்படும் கட்டிலில் புலவர் மோசிகீரனார் அறியாமல் உறங்கிவிட்டார். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல் கவரி வீசினான் என்பது அப்பாடலின் செய்தி. முரசைப் பற்றிய வருணனை அதைக் குறையில்லாமல் இழுத்துக் கட்டிய வாரிலிருந்தே தொடங்குகிறது. வள்பு என்ற சொல் அங்கு வருகிறது. வார் தளர்ந்த முரசு ஒலிக்காது என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதை இதனால் உணரலாம்.

வார் கோக்கும் தொழிலை இன்னும் நேராகக் காட்டுவது 82ஆம் பாடல். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைச் சாத்தந்தையார் பாடியது இது. மன்னனின் போர் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதைச் சொல்லக் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைப் புலவர் உவமையாக்குகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. அவன் மனைவிக்குப் பிரசவ வேளை. மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலை முடித்தாக வேண்டிய அவசரத்தில் வாரைச் செலுத்தும் அவனுடைய ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ, அதைவிட விரைவாகப் போர் முடிந்தது என்கிறார்.

இப்பாடலில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. வார் கோப்பதற்கென்று தனி ஊசியும் தேர்ந்த கைவேகமும் இருந்தன என்பது ஒன்று. அந்தக் கைவேகத்தை அரசனின் வீரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்ட பாடலே, அத்தொழிலாளியை இழிசினன் என்ற தாழ்த்தும் சொல்லால் குறிப்பிடுகிறது என்பது மற்றொன்று. திறமையைப் போற்றி, அதை உடையவரைத் தாழ்த்தும் இந்த முரண் பிற்காலத்திலும் நீடித்தது.

பச்சைத் தோலும் பதனிட்ட தோலும்

தோலின் முதன்மைப் பொருள் கொலாஜன் என்னும் புரத இழை. உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். முடி நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தினால் விறைப்பான பச்சைத் தோல் கிடைக்கும். பட்டை, காய் முதலியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளோ, குரோமியம் போன்ற உலோக உப்போ இழைகளுக்குள் ஊறிப் பிணைந்தால் அது பதனிட்ட தோல் ஆகும். பதனிட்ட தோல் எளிதில் அழுகாது, உலர்ந்தாலும் முழு விறைப்பு அடையாது.

வார் செய்பவருக்கு இந்த வேறுபாடு அடிப்படையானது. பச்சைத் தோல் வாரை நனைத்துக் கட்டினால், உலரும்போது அது சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். மீண்டும் நனைந்தால் தளரும். ஆகவே, ஒருமுறை இறுக்கியபின் ஈரம் படாமல் இருக்க வேண்டிய இடங்களுக்கு அது சிறந்தது. நாள்தோறும் அவிழ்த்துக் கட்ட வேண்டிய செருப்புக்கோ பூட்ஸுக்கோ அது ஏற்றதன்று. அங்கு வளைந்து கொடுக்கும் பதனிட்ட தோலே தேவை.

மிருதங்கத்தின் வார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பலா மரத்தால் ஆன உடலின் இருபுறமும் உள்ள தோல் மூட்டுகளை எருமைத் தோல் வார்தான் மரபாக இழுத்துப் பிடிக்கிறது. ஒலிக்கும் மூட்டுகளுக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் பயன்பட, இழுக்கும் வேலை தடிப்பும் வலுவும் மிகுந்த எருமைத் தோலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வாரை நனைத்து முறைப்படி இழுத்து இறுக்குவதை வார் பிடித்தல் என்பர். வாரின் தடிப்பு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால் மூட்டின் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு கிடைக்காது. அதனால் சுருதி ஒன்றுபடாது.

ஆவாரம்பட்டைப் பதனிடல்

தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் மஞ்சள் பூக்களோடு தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டை, துவர்ப்புப் பொருள் மிகுந்தது. இதுவே தென்னிந்தியத் தோல் தொழிலின் அடித்தளமாக அமைந்தது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடியை நீக்குவர். ஒட்டியிருக்கும் சதையைச் செதுக்கிவிட்டு, சுண்ணாம்பைக் கழுவி அகற்றுவர். பிறகு ஆவாரம்பட்டை நீரில் பல நாட்கள் ஊறவைப்பர். மாட்டுத்தோலுக்குப் பல வாரங்கள் ஆகும்.

ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். இதைத் தடுக்க, இறுதியில் கடுக்காய் நீரில் ஊறவைக்கும் வழக்கம் வந்தது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் வேதியியலில் வேறு வகையைச் சேர்ந்தது. அது நிறத்தை நிலைநிறுத்தி, இளம் மஞ்சள் கலந்த பழுப்பைத் தருகிறது. அதன்பின் புங்க எண்ணெய் போன்ற எண்ணெய் தடவி உலர்த்துவர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பரவிய இந்தத் திருந்திய முறையோடு சார்லஸ் டி சூசா என்பவரின் பெயர் சேர்த்துக் கூறப்படுகிறது. இவ்வாறு பதனிட்டுக் கப்பலேறிய தோல் ஐரோப்பிய வணிகத்தில் கிழக்கிந்தியத் தோல் எனப் பெயர் பெற்றது. சென்னையில் பெரியமேடு இவ்வணிகத்தின் மையமாக வளர்ந்தது. திண்டுக்கல், திருச்சி ஆகியவை இவ்வகைத் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். கிழக்கிந்தியத் தோல் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது.

கைவேலைக்கான வார்களுக்கு இத்தோல் மிகவும் ஏற்றது. அறுத்த விளிம்பு நார் பிரியாமல் நேராக நிற்கும். நனைத்து வளைத்தால் அந்த வடிவத்திலேயே உலரும். தேய்த்தால் விளிம்பு பளபளப்பாகும். ஆனால் அடிக்கடி நீரில் நனைந்து காயும் வேலைக்கு இதை விட்டால், துவர்ப்புப் பொருளும் எண்ணெயும் மெல்லக் கரைந்து வெளியேறும். தோல் விறைத்து வெடிக்கும். இந்தக் குறைதான் அடுத்த மாற்றத்துக்கு வழிகோலியது.

கவலையும் குரோம் தோலும்

மின் இறைப்பியும் டீசல் எஞ்சினும் வருமுன் தமிழ்நாட்டுக் கிணறுகளில் நீர் இறைக்க ஏற்றமும் கவலையும் பயன்பட்டன. கவலையைக் கமலை என்றும் கபிலை என்றும் வட்டாரத்துக்கு ஏற்ப அழைப்பர். விருத்தாசலத்தை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டம் முதல் கொங்கு நாடு வரை கிணற்றுப் பாசன ஊர்களில் இது வழக்கில் இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் தைத்த தோல் வாலை வால்கயிறு மடித்துப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வால் நிமிர்ந்து நீரை வாய்க்காலில் கொட்டும். சில இடங்களில் சாலும் தோலால் ஆனது, சில இடங்களில் சால் இரும்பு, வால் மட்டும் தோல்.

நாள் முழுவதும் நனைந்து, மடிந்து, கல்லில் உரசி, மாலையில் காயும் இந்த வாலைப்போல் தோலைச் சோதித்த கருவி வேறில்லை. அது கிழிந்தால் பாசனம் நின்றுவிடும். எனவே கவலைத் தோலைத் தைப்பதும் மாற்றுவதும் ஊர்த் தோல் தொழிலாளரின் முக்கியமான வேலையாக இருந்தது. பல ஊர்களில் அதற்கான ஊதியம் அறுவடையில் தானியமாக அளக்கப்பட்டது.

ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் இந்தக் கருவியைக் கவனித்தார். அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் சூல்ட்ஸ் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடிக்கும் முறையாக எளிமையாக்கினார். குரோமியம் கொலாஜன் இழைகளோடு உறுதியாகப் பிணைவதால், இவ்வாறு பதனிட்ட தோலிலிருந்து பதப்பொருள் நீரில் எளிதாகக் கரைந்து வெளியேறாது. கொதிநீரையும் தாங்கக்கூடியது. நீரில் உழைக்கும் கவலைக்கு இது பொருந்தும் என்று சாட்டர்டன் கருதினார். 1903இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கவலைத் தோலோடு செருப்பும் பூட்ஸும் அங்கு செய்யப்பட்டன. மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி அவர் எழுதிய தனி நூல் 1904இல் வெளிவந்தது.

அரசு தொழிற்சாலை நடத்துவதைச் சென்னையில் இருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு இலண்டனிலிருந்து அனுப்பிய ஆணை, அரசே தொழில் நடத்துவதை ஏற்க மறுத்தது. அதன்பின் அரசின் குரோம் முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் தொழில்நுட்பம் இங்கேயே வேரூன்றியது. 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்கு அருகில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்தத் தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயராக நிலைத்தது. இன்று அவ்வழியாகப் புறநகர் ரயிலில் செல்வோர் உச்சரிக்கும் ஊர்ப்பெயரில் ஒரு தோல் பதனிடும் முறை ஒளிந்திருக்கிறது.

போர்க்கால பூட்ஸ்

முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குப் பெருமளவில் பூட்ஸ் தேவைப்பட்டது. பூட்ஸின் மேற்புறத்துக்குக் கிழக்கிந்தியத் தோல் ஏற்றதாகக் கருதப்பட்டதால், சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே வாங்கிப் பிரிட்டனின் போர்த்துறைக்கு அனுப்பியது. தமிழ்நாட்டு வறண்ட நிலத்தின் ஆவாரம்பட்டை ஐரோப்பியப் போர்க்களங்கள் வரை பயன்பட்ட காலம் அது. போர் முடிந்ததும், பதனிடாத தோல் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் குறைக்க 1919இல் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. பதனிடும் தொழில் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது.

விடுதலைக்குப்பின் 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970களில் அரை முடிப்புத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுமையாகச் செய்து முடித்த தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது நோக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்களில் குரோம் பதனிடல் வேகமாக வளர்ந்தது. பல வாரங்கள் எடுத்த வேலை சுழலும் மர உருளைகளில் ஓரிரு நாட்களில் முடிந்தது.

அந்த வேகத்துக்குப் பாலாறு விலை கொடுத்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. கிணற்றுப் பாசனத்துக்கு உதவும் என்று வந்த குரோம் தோல், கிணற்றுநீரைக் கெடுத்த வழக்கின் பொருளாக மாறியது இவ்வரலாற்றின் கசப்பான திருப்பம்.

வாரைத் தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கிடைக்கும் அறிவு, இன்று பூட்ஸுக்கோ கைவினைக்கோ தோல் வார் வாங்குபவருக்கும் பயன்படும்.

வேலையின் தன்மை: நனைந்து காயும் பூட்ஸுக்குக் குரோம் தோலோ, எண்ணெய் நிறைய ஊட்டிய தோலோ தேவை. பணப்பை, புத்தக உறை, கத்தி உறை போன்ற கைவினைக்குப் பட்டையில் பதனிட்ட தோல் நன்று. ஒருமுறை இறுக்கிக் கட்டி விடும் கைப்பிடி, மரச்சட்டம் முதலியவற்றுக்குப் பச்சைத் தோல் பொருந்தும்.

பதனிடலை அறிதல்: வாரின் அறுத்த விளிம்பைப் பார்க்க வேண்டும். பட்டைத் தோலின் உட்புறம் பழுப்பாக இருக்கும். மேற்புறம் எந்தச் சாயமானாலும், குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் நிறம் தெரியும். ஐயமிருந்தால் சிறு துண்டைக் கொதிநீரில் இடலாம். பட்டைத் தோல் சுருங்கிச் சுருளும், நன்கு பதனிட்ட குரோம் தோல் பெரிதாக மாறாது.

தோலின் பகுதி: முதுகெலும்பின் இருபுறமும் உள்ள பகுதியில் இழைகள் அடர்த்தியானவை. வயிற்றுப் பகுதித் தோல் தளர்வானது, எளிதில் நீளும். முதுகுப் பகுதியில் முதுகெலும்புக்கு இணையாக நேராக அறுத்த வாரே பூட்ஸுக்கு நல்லது. மாட்டுத்தோலில் முழு நாடாவுக்கான நீளம் கிடைத்துவிடும். ஆட்டுத்தோலில் கிடைக்காது என்பதால் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டி நீட்டுவர். அந்த ஒட்டு பூட்ஸின் துளையில் உரசும் இடத்தில் வரக்கூடாது.

சுருள் அறுப்பு: சிறு துண்டிலிருந்து நீண்ட வார் எடுக்க வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து சுருளாக அறுத்துக்கொண்டே உள்ளே செல்வர். இதன் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. வட்டத்தின் பரப்பை வாரின் அகலத்தால் வகுத்தால் போதும். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. அதை 0.3 செ.மீ. அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 262 செ.மீ. வார் கிடைக்கும். நடுப்பகுதி வீணாவதால் உண்மையில் சற்றுக் குறையும். சுருள் வார் தோலின் எல்லாத் திசைகளையும் கடந்து வருவதால் இழுவை ஒரே சீராக இராது. எனவே கைவினைக்கு அது போதும், பூட்ஸுக்கு நேர் வாரே சிறந்தது.

நீட்டி எடுத்தல்: புதிய வாரை நனைத்து, மெல்ல இழுத்து, இழுத்த நிலையிலேயே உலர்த்த வேண்டும். இல்லையெனில் கட்டியபின் நீண்டு தளரும். இழுக்கும்போது ஓரிடம் மட்டும் மெலிந்தால் அது வலுக்குறைந்த இடம். அதைப் பயன்படுத்துமுன் வெட்டி நீக்குவதே பாதுகாப்பு.

உலோகத்தோடு சேர்க்கை: பட்டைத் தோல் ஈரமாக இரும்பைத் தொட்டால் கருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்த பழைய முறையின் வேதியியல்தான் இது. இரும்பு வளையம் உள்ள பூட்ஸில் பட்டைத் தோல் நாடா கோத்தால் துளைகள் தொடும் இடமெல்லாம் கறை படியும். பித்தளை வளையத்தில் இக்கறை ஏற்படாது.

அளவு: தையலின் வகைக்கேற்ப வாரின் நீளம் மாறும். விளிம்பைச் சுற்றிச் செல்லும் எளிய கோப்புக்கு விளிம்பின் நீளத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு வார் வேண்டும். இரட்டைக் கண்ணிக் கோப்புக்கு ஏழு மடங்குக்கு மேல் ஆகலாம். 60 செ.மீ. விளிம்புள்ள பணப்பைக்கு முதல் முறையில் சுமார் 210 செ.மீ., இரண்டாம் முறையில் 420 செ.மீ.க்குக் குறையாத வார் தேவைப்படும். பூட்ஸுக்குப் பழைய நாடாவை அளந்து அதே நீளத்தில் எடுப்பதே எளிய வழி.

பராமரிப்பு: நனைந்த வாரை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, முழுதும் காய்வதற்குள் சிறிதளவு எண்ணெய் தடவ வேண்டும். மிகுதியாகத் தடவினால் வார் மென்மையாகி நீளும்.

தொழிலாளரும் அறிவும்

இந்த விதிகளில் பலவும் நூல்களில் ஏறுமுன் கைகளில் இருந்தன. தோலின் எப்பகுதி எதற்கு உதவும் என்பதைத் தொட்டும், மடித்தும், ஒளியில் பிடித்தும் அறிந்தவர்கள் செம்மான், சக்கிலியர் என்று பெயரிடப்பட்டு ஒதுக்கப்பட்ட மக்கள். தமிழ்நாட்டின் மேற்கு, தெற்குப் பகுதிகளில் இவ்வேலையின் பெரும் பகுதியைச் சுமந்த அருந்ததியர் சமூகத்துக்கு, 2009இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. இறந்த மாட்டைத் தொட்டவர் தீட்டானவர் என்று கருதிய அதே ஊர், அவர் தைத்த கவலை இறைத்த நீரில் விளைந்த நெல்லை உண்டது.

இசைத் துறையிலும் நிலை இதுவே. மிருதங்கம் செய்தவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்த பர்லாந்து போன்றோரின் பங்களிப்பை டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மூட்டின் ஒலியையும் வாரின் இழுப்பையும் கலைஞருடன் சேர்ந்து ஆராய்ந்து மாற்றியவர்கள் அவர்கள். கச்சேரி மேடையில் பெயர் சொல்லப்படாதவர்களை வரலாற்றில் பெயர் சொல்லி எழுதிய முயற்சி என்ற வகையில் அந்நூல் முக்கியமானது.

இன்றைய நிலை

நீர் இறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் கவலை மறைந்தது. அதோடு ஊர்த் தோல் தொழிலாளியின் ஒரு நிலையான வேலையும் போயிற்று. செருப்பில் ரப்பரும் பிளாஸ்டிக்கும், ஷூ லேஸில் பருத்தியும் செயற்கை இழையும் தோல் வாரின் இடத்தைப் பிடித்தன. தவிலில் வாருக்குப் பதிலாக உலோக வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. மிருதங்கத்திலும் திருகாணி அமைப்பும் செயற்கை வாரும் வழக்கில் உள்ளன. எருமைத் தோல் வாரைப் பிடிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது.

மறுபுறம், கையால் செய்த தோல் பைகளுக்கும் உறைகளுக்கும் இளைஞர்களிடையே மீண்டும் ஆர்வம் தோன்றியுள்ளது. பட்டையில் பதனிட்ட தோலை அவர்கள் வெளிநாட்டுப் பொருளாக எண்ணித் தேடுவதுண்டு. திண்டுக்கல்லும் திருச்சியும் அதே வகைத் தோலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து வருகின்றன. ஆவாரமும் கடுக்காயும் இந்த மண்ணில் விளைகின்றன. வார் அறுக்கவும் கோக்கவும் தெரிந்த முதியவர்கள் செருப்புத் தைக்கும் தெருவோரக் கடைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள அறிவை அவர்களுடைய பெயரோடு பதிவு செய்வது, தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் இன்னும் முழுமை பெறாத பணியாகும்.